வேறு ஆளில்லை என்று யார் சொன்னது?

ரயில் மென்பொருள் பற்றி ஒரு கட்டுரை என்றவுடன் அரைவாசிப் பேர் அடுத்த பதிவுக்குப் போய்விடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கோ. இது ரயில் விசர் பிடித்தவர்களுக்காக எழுதியது இல்லை. பொதுப்பணத்தில் ஒரு சாமான் வாங்கும்போது, "இதை இவர்களிடம் மட்டும்தான் வாங்கலாம், வேறு ஆளில்லை" என்று ஓர் அதிகாரி கோப்பில் எழுதிவைக்கிற ஒற்றை வரியைப் பற்றி எழுதியது. அந்த ஒரு வரி எழுதியாயிற்று என்றால் பத்திரிகை விளம்பரம் தேவையில்லை, கேள்விமனு தேவையில்லை, நாலு விலையை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையில்லை. கையொப்பம் போட்டால் சரி.

சில நேரம் அந்த வரி உண்மை. பெரும்பாலான நேரம் அது அரைவாசி உண்மை. வேறு ஆளில்லாத நிலைமை வானத்தில் இருந்து விழுவதில்லை. முன்னர் செய்த கொள்வனவுகள் அதை உண்டாக்கி வைத்திருக்கும். வாங்குகிற சாமான் கதிரை மேசையாக இருந்தால் நட்டம் காசோடு போய்விடும். ஆனால் கணக்குப் போட்டு "இது முடியும், இது முடியாது" என்று சொல்லுகிற மென்பொருளாக இருந்தால், காசோடு சேர்த்து இன்னொன்றும் போகிறது: அந்தக் கணக்குச் சரியா என்று வெளியில் இருந்து பார்க்கும் உரிமை. நாங்கள் கோபப்படுவது இதற்குத்தான். ரயில் சிமியுலேஷன் மென்பொருளில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறோம்.

குறோசிங் கணக்கு

சிமியுலேஷன் என்றதும் கணினியில் எஞ்சின் ஓட்டி விளையாடுகிற கேம் நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு.

வடக்குப் பாதையில் போய்வந்த எவருக்கும் 'குறோசிங்' என்ற சொல் தெரியும். மாகோவைத் தாண்டினால் ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒரு ரயில் வருகிறதென்றால் இரண்டில் ஒன்று ஸ்டேசனில் ஒதுங்கி நிற்கத்தான் வேணும். எது ஒதுங்குவது? எந்த ஸ்டேசனில்? ஒரு ரயில் பதினைந்து நிமிசம் பிந்தினால் அதாலை இன்னும் எத்தனை ரயில் பிந்தும்? நாளைக்கு இரண்டு ரயில் கூடுதலாக விட்டால் பாதை தாங்குமா? தாங்காது என்றால் எந்த இடத்தில், எவ்வளவு நீளத்துக்கு, ஒதுங்குவதற்கு இன்னொரு தண்டவாளம் போடவேணும்?

இதையெல்லாம் பாதை போடுவதற்கு முன்னரே கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் ரயில் சிமியுலேஷன். தண்டவாளத்தின் ஏற்ற இறக்கம், வளைவு, சிக்னல் எங்கெங்கே நிற்கிறது, வேக எல்லை, ரயிலின் நீளம், பாரம், எஞ்சினின் பலம், நேர அட்டவணை எல்லாவற்றையும் உள்ளே கொடுக்க வேண்டும். மென்பொருள் நாட்கணக்காக ரயில்களை ஓடவிட்டு, எங்கே முட்டுப்படுகிறது, எவ்வளவு பிந்துகிறது என்று சொல்லும். அந்த விடையை வைத்துத்தான் "புதிய ரயில் விடலாம்" என்றோ "முதலில் இத்தனை மில்லியன் செலவழியுங்கோ" என்றோ முடிவெடுப்பார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. மென்பொருளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் அதற்குள் போடுகிற எண்களைப் போடுவது ஆட்கள். வருகிற இருபது வருசத்தில் சரக்கு ரயில் எவ்வளவு கூடும் என்று நீங்கள் ஓர் எண் போட்டால் ஒரு விடை வரும், நாங்கள் வேறோர் எண் போட்டால் வேறொரு விடை வரும். விடையை மட்டும் காட்டி, உள்ளே போட்ட எண்ணைக் காட்டாவிட்டால் அதை நம்புவதா விடுவதா என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரு கம்பனி எப்படி 'ஒரே' கம்பனி ஆகிறது

அமெரிக்காவில் தண்டவாளங்களில் பெரும்பகுதி தனியார் சரக்கு ரயில் கம்பனிகளுக்குச் சொந்தம். அரச பணத்தில் ஓடுகிற அம்ட்ராக் என்ற பயணிகள் ரயில் நிறுவனம் அந்தத் தண்டவாளங்களின் மேல்தான் தன் தூர ரயில்களை ஓட்டுகிறது. அங்கே இந்தக் குறோசிங் கணக்குக்குப் பல வருசங்களாக ஒரு மென்பொருள்தான் பொது வழக்கு: பெர்க்லி சிமியுலேஷன் சொஃப்ட்வெயார் என்ற சிறு கம்பனியின் 'ரெயில் ட்ராஃபிக் கன்ட்ரோலர்', சுருக்கமாக ஆர்.டி.சி. பெரிய சரக்குக் கம்பனிகளும் அதையே பாவிக்கின்றன, அம்ட்ராக்கும் அதையே பாவிக்கிறது.

அது கெட்ட மென்பொருள் என்று நாங்கள் சொல்லவில்லை. வேலைக்கு உதவாவிட்டால் இத்தனை வருசம் நின்றிருக்காது. நாங்கள் காட்ட விரும்புவது அது 'ஒரே' மென்பொருளாக மாறுகிற வழியை. தண்டவாளக்காரர் தங்கள் பாதை முழுவதையும் அந்த மென்பொருளின் கோப்பு வடிவத்தில் பதிந்து வைத்திருப்பார். ஆலோசகர்கள் அதிலேயே பழகியிருப்பார்கள். போன தடவை செய்த ஆய்வும் அதிலேயே இருக்கும். இப்போது ஓர் அரச நிறுவனம் இன்னோர் ஆய்வு செய்யப்போனால், எதை வாங்கும்? மற்றவர்களின் கோப்பைத் திறக்க வேண்டுமென்றால் அதே மென்பொருள்தான் வேணும். உடனே அந்த ஒற்றை வரி தயார்: வேறு ஆளில்லை. அந்த வரி எழுதிய அதிகாரி பொய் சொல்லவில்லை, களவும் செய்யவில்லை. ஆனால் அவர் வாங்குகிற ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவைக்கான பூட்டு இன்னும் இறுகுகிறது.

வேறு ஆளே இல்லையா? இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1990களில் ஓர் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கிய ஓபன்ட்ராக் இருக்கிறது. ஜெர்மனியில் ரெயில்சிஸ் இருக்கிறது. பிரான்சின் தண்டவாள நிறுவனமான எஸ்.என்.சி.எஃப். ரெசோ, ஓ.எஸ்.ஆர்.டி. என்ற மென்பொருளைத் திறந்த மூலநிரலாகவே வெளியிட்டிருக்கிறது. எவரும் இறக்கிப் பார்க்கலாம், திருத்தலாம். ஒரு மென்பொருளில் இருந்து இன்னொன்றுக்குப் பாதைத் தரவைக் கொண்டுபோவதற்கென்றே ரெயில்எம்.எல். என்ற பொது வடிவம் 2000களின் தொடக்கத்தில் இருந்து வளர்க்கப்படுகிறது.

"அவை ஐரோப்பாவுக்குச் சரி, அமெரிக்கச் சரக்கு ரயிலுக்குச் சரிவராது" என்று ஒரு பதில் வரும். இருக்கலாம். இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நீளமான, நேர அட்டவணைக்குக் கட்டுப்படாத சரக்கு ரயில்கள் அங்கே சாதாரணம். ஐரோப்பாவில் அப்படி இல்லை. ஆனால் "சரிவராது" என்பதைப் பரீட்சித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேள்விமனு என்பது அந்தப் பரீட்சைதான். பரீட்சையே வைக்காமல் ஒருவரைச் சித்தியடைந்தவர் என்று அறிவித்தால், மற்றவர் தேறுவாரா இல்லையா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

இருபது வருசம் ஓடாத ரயில்

இது வெறும் அலுவலகக் கதை இல்லை என்பதற்கு மெக்சிக்கோ வளைகுடாக் கரையைப் பாருங்கள்.

2005 ஓகஸ்டில் கத்ரீனா சூறாவளி அடித்தது. நியூ ஓர்லியன்சுக்குக் கிழக்கே ஓடிய பயணிகள் ரயில் நின்றது. தண்டவாளத்தைச் சரக்குக் கம்பனி திருத்தியது, சரக்கு ரயில் ஓடியது, ஆனால் பயணிகள் ரயில் திரும்பி வரவில்லை. 2015இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தின் மூலம் இதை ஆராய ஒரு குழுவை அமைத்தது. 2017இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது: சுமார் 118 மில்லியன் டொலர் வேலை செய்தால் ரயிலைத் திரும்ப ஓட்டலாம். தண்டவாளச் சொந்தக்காரரான சி.எஸ்.எக்ஸ். கம்பனியின் பக்கத்தில் இருந்து வந்த மதிப்பீடோ 2 பில்லியன் டொலருக்கும் மேல்.

ஒரே தண்டவாளம். ஒரே ரயில். ஒரு கணக்குக்கும் மற்றக் கணக்குக்கும் இடையில் பதினைந்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

பிறகு திட்டத்தைச் சுருக்கி, நியூ ஓர்லியன்சில் இருந்து அலபாமா மாநிலத்து மொபைல் நகரம் வரைக்கும், நாளுக்கு இரண்டு தடவை போய்வருகிற ரயில் என்று வைத்துக்கொண்டார்கள். அம்ட்ராக்கும், சி.எஸ்.எக்ஸ்.உம், நோர்ஃபோக் சதர்ன் கம்பனியும் சேர்ந்து ஆர்.டி.சி. ஆய்வு ஒன்றைத் தொடங்கின. ஆய்வு முடியும் முன்னரே கூட்டு உடைந்தது. 2021 மார்ச்சில் அம்ட்ராக் தரைவழிப் போக்குவரத்துச் சபையிடம் முறையிட்டது. கம்பனிகள் தங்கள் சிமியுலேஷனோடு வந்து, சுமார் 440 மில்லியன் டொலர் வேலை செய்யாமல் இந்த ரயில் ஓட முடியாது என்றன. 2022இல் நாட்கணக்காக விசாரணை நடந்தது. அங்கே பெரும் வாதம் மென்பொருள் சொன்ன விடையைப் பற்றி நடக்கவில்லை. உள்ளே எந்த எண் போட்டது, எந்த அனுமானம் வைத்தது என்பதைப் பற்றித்தான் நடந்தது. 2022 நவம்பரில் தரப்புகள் இணக்கத்துக்கு வந்தன. கடைசியில் 2025 ஓகஸ்ட் 18ஆம் திகதிதான் ரயில் ஓடியது. சூறாவளி அடித்து இருபது வருசம்.

இருபது வருசமும் மென்பொருளாலே போனது என்று நாங்கள் சொல்லவில்லை. அரசியல் இருந்தது, காசு இருந்தது, சரக்குக் கம்பனிகளின் விருப்பமின்மை இருந்தது. எந்தக் கணக்குச் சரி என்று தீர்ப்புச் சொல்லும் இடத்திலும் நாங்கள் இல்லை. நாங்கள் கேட்பது வேறு. அந்தக் கரையோர ஊரில் இருக்கிற ஒரு பள்ளிக்கூட ஆசிரியரோ, பல்கலைக்கழக மாணவரோ, உள்ளூர்ப் பத்திரிகைக்காரரோ 440 மில்லியன் சரியா என்று பார்க்க விரும்பினால் என்ன வழி? மென்பொருள் காசு கொடுத்து வாங்கவேண்டிய தனியுடைமை. பாதைத் தரவு தண்டவாளக் கம்பனியின் கையில். சாதாரண ஆளுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு எண். அதை நம்பு, அல்லது நம்பாமல் இரு. ஆனால் மறுத்துக் கணக்குப் போட முடியாது.

அரசு இந்த மாதிரி மென்பொருளை நிபந்தனை எதுவும் இல்லாமல் ஒருவரிடமே வாங்கிக்கொண்டு போனால், அது தன் மக்களை இந்த இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது.

சட்டம் இருந்தால் போதுமா?

அமெரிக்காவில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1984இல் ஒப்பந்தங்களில் போட்டிக்கான சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். திறந்த போட்டிதான் விதி. ஒருவரிடம் மட்டும் வாங்குவது விலக்கு. விலக்கு வேண்டுமென்றால் எழுத்தில் நியாயம் காட்டவேணும். அந்த நியாயத்தை ஒப்பந்தம் கொடுத்து 14 நாளுக்குள் பொதுமக்கள் பார்க்க விடவேணும். எங்களுக்குப் பிடித்த இரண்டு விசயம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஒன்று, "நாங்கள் முன்கூட்டியே திட்டமிடவில்லை, இப்ப நேரமில்லை" என்பதை ஒரு காரணமாகச் சொல்லமுடியாது. மற்றது, அடுத்த தடவை போட்டி வருவதற்குத் தடையாக இருப்பதை அகற்ற என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் அதே கடிதத்தில் எழுதவேணும்.

எழுத்தில் மிக நல்ல சட்டம். ஆனால் அந்தக் கடைசி நிபந்தனையை ஓர் அலுவலகம் எவ்வளவு லேசாகத் தாண்டலாம் என்று யோசித்துப் பாருங்கள். "சந்தையைத் தொடர்ந்து கவனிப்போம்" என்று ஒரு வரி எழுதினால் நிபந்தனை நிறைவேறியதாகிவிடும். அடுத்த வருசமும் அதே வரி. அதற்கடுத்த வருசமும் அதே வரி. ஆசுபத்திரியில் "நாளைக்கு வாங்கோ" என்று சொல்லிச் சொல்லி ஆளை அலைக்கழிப்பது போலத்தான். தடையை உண்மையாக அகற்றவேண்டுமென்றால் ஒரே வழிதான் இருக்கிறது: மென்பொருளை வாங்கும் அதே ஒப்பந்தத்தில், தரவைப் பொது வடிவத்தில் வெளியே எடுக்கும் உரிமையையும் வாங்க வேண்டும். வீடு வாடகைக்கு எடுக்கும்போது சாமான்களை ஏற்றிக்கொண்டு போக வழி இருக்கிறதா என்று பார்ப்போமே, அதுதான்.

சரி, எங்கட பக்கம்

அமெரிக்கக் கதை அமெரிக்காவோடு போகட்டும், இலங்கையில் நாங்கள் குறோசிங்கையே நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிற ஆட்கள் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அந்த ஒற்றை வரி இங்கேயும் எழுதப்படுகிறது. ரயிலில் இல்லாவிட்டால் விசாவில்.

2012இல் இருந்து இலங்கைக்கு வருகிறவர்கள் இணையத்தில் ஈ.டி.ஏ. என்ற முன்பயண அனுமதி எடுத்து வந்தார்கள். 2024 ஏப்ரல் 17ஆம் திகதியில் இருந்து அந்த வேலை வீ.எஃப்.எஸ். குளோபல் சம்பந்தப்பட்ட ஒரு கூட்டுக்குக் கொடுக்கப்பட்டது. 75 டொலர் விசாவுக்கு மேல் சேவைக் கட்டணம் 18.50 டொலர், வசதிக் கட்டணம் 7.27 டொலர் என்று கூடி, ஒரு ஆளுக்கு 100 டொலர் தாண்டியது. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் கோயில் திருவிழாவுக்கும் செத்த வீட்டுக்கும் வருகிற எங்கட சொந்தக்காரர் எத்தனை பேரிடம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குடும்பமாக வந்தால் கணக்கு இன்னும் ஏறும்.

திறந்த கேள்விமனு இல்லாமல் இந்த வேலை கொடுக்கப்பட்டது என்பதுதான் எதிர்த்தவர்களின் முதன்மைக் குற்றச்சாட்டு. பாட்டலி சம்பிக்க ரணவக்க, எம்.ஏ. சுமந்திரன், ரவூப் ஹக்கீம் ஆகியோர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மூன்று பேரும் மூன்று கட்சி, மூன்று சமூகம். இந்த ஒன்றிலாவது ஒன்றாக நின்றார்கள். 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அதை நடைமுறைப்படுத்தவில்லை என்பதற்காக அதே ஆண்டு செப்டெம்பர் 25ஆம் திகதி குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் விளக்கமறியலுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த சில நாட்களுக்குள் பழைய ஈ.டி.ஏ. திரும்ப வந்தது.

இதிலை எங்களுக்கு முக்கியமாகப் படுவது கடைசி வசனம். பழைய முறை திரும்ப வந்தது. அதாவது, வேறு வழி எல்லா நேரமும் அங்கேயே இருந்தது. நீதிமன்றம் கதவைத் தட்டும் வரைக்கும் அது ஒருவரின் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

ரயிலிலும் எங்களுக்கு இதன் ஒன்றுவிட்ட சகோதரன் இருக்கிறான். போருக்குப் பிறகு வடக்குப் பாதை இந்தியக் கடனில், இந்திய அரச நிறுவனமான இர்கோனால் கட்டப்பட்டது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தது. தெற்கில் மாத்தறை – பெலியத்தைப் பாதை சீனக் கடனில், சீனக் கம்பனிகளால் கட்டப்பட்டு 2019இல் திறக்கப்பட்டது. கடன் எந்த ஊரில் இருந்து வருகிறதோ, வேலையும் அந்த ஊருக்கே போகும். யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்ததில் எங்களுக்கும் சந்தோசம்தான்; இருபது வருசத்துக்கு மேல் காத்திருந்த பாதை அது. ஆனால் தண்டவாளம் போட்ட பிறகு கம்பனி வீட்டுக்குப் போகலாம், தண்டவாளம் இங்கேயே கிடக்கும். மென்பொருள் அப்படியில்லை. வருசாவருசம் உரிமக் கட்டணம், திருத்தக் கட்டணம், பயிற்சிக் கட்டணம். எங்கள் பாதையின் தரவு இன்னொருவரின் பெட்டிக்குள். இனி எல்லாத் திணைக்களங்களும் 'டிஜிட்டல்' ஆகப்போகிற காலம். இப்போதே கேட்காவிட்டால் பிறகு கேட்க இடமிருக்காது.

தமிழும் இதற்குள் இருக்கிறது. அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி. ஆனால் ஓர் அரச இணையத்தளத்தைத் தமிழில் திறந்து பார்த்தவர்களுக்கு அதன் கோலம் தெரியும். ஒரே கம்பனியிடம் மாட்டிக்கொண்ட திணைக்களம் தமிழ்த் திரையைக் கேட்டால், அதுவும் மேலதிக வேலை, அதற்கும் அதே கம்பனி சொல்லுகிற விலை. போட்டி இருக்கும் இடத்தில் அதை முதலிலேயே நிபந்தனையாகப் போடலாம். ஒருவர் மாட்டேன் என்றால் மற்றவர் செய்வார்.

எதிர்ப்பக்கத்துக்கு எங்கள் பதில்

"கேள்விமனு போட்டால் மாதக்கணக்கில் இழுபடும், அவசரத்துக்கு உதவாது" என்பார்கள். உயிர் போகிற மருந்துக்கு அது நியாயம். ஐந்து வருசத் திட்டத்துக்கான மென்பொருளில் அவசரம் என்றால், அந்த அவசரத்தை உண்டாக்கியவர் யார்?

"பாதுகாப்புச் சம்பந்தப்பட்ட விசயம், பழகிய மென்பொருளை மாத்தினால் ஆபத்து" என்பார்கள். சிக்னலை இயக்குகிற மென்பொருளென்றால் அந்தப் பயத்தை மதிக்கிறோம். ஆனால் திட்டமிடும் சிமியுலேஷன் ஒரு ரயிலையும் ஓட்டுவதில்லை. அதை இரண்டு மென்பொருளில் ஓட்டி இரண்டு விடையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதுகாப்புக் கூடும், குறையாது.

"வியாபார இரகசியம்" என்பார்கள். கம்பனியின் நிரல் அதன் இரகசியமாக இருக்கட்டும். எங்கள் பாதையின் நீளமும், எங்கள் ரயிலின் நேரமும், எங்கள் காசில் எடுத்த விடையும் எப்படி இன்னொருவரின் வியாபார இரகசியம் ஆகும்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வியாபார இரகசியத்துக்கு விலக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் பொதுநலன் பெரிதென்றால் அந்த விலக்கையும் தாண்டலாம் என்று அதே சட்டம் சொல்கிறது.

"நேர்மையான அதிகாரிகளைச் சந்தேகிக்கிறீர்கள்" என்பார்கள். இல்லை. நேர்மையான அதிகாரிக்குத்தான் எழுதப்பட்ட விதி பாதுகாப்பு. மேலிடம் இருந்து கோல் வந்தால், "மன்னியுங்கோ சேர், விதி விடாது" என்று சொல்ல அவருக்கு ஒரு சுவர் வேணும்.

நாங்கள் கேட்பது

2023 செப்டெம்பரில் சர்வதேச நாணய நிதியம் இலங்கையின் ஆளுகை பற்றி வெளியிட்ட ஆய்வறிக்கை, பெறுகைக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்றும், பெரிய ஒப்பந்தங்களை இணையத்தில் வெளியிட வேண்டும் என்றும் சொன்னது. அதைச் சொல்ல வாஷிங்டனில் இருந்து ஆட்கள் வரவேண்டியிருந்தது வெட்கம்தான். பரவாயில்லை, நல்ல யோசனை எங்கிருந்து வந்தாலும் எடுப்போம். ஆனால் மென்பொருளுக்கு அது போதாது. இன்னும் ஐந்து வேணும்:

ஒருவரிடம் மட்டும் வாங்குவதென்றால், ஏன் என்ற கடிதம் ஒப்பந்தத்தில் கையொப்பம் போடும் முன்னரே மூன்று மொழியிலும் வெளியில் வரவேணும். கையொப்பத்துக்குப் பிறகு வருவது செய்தி மட்டும்தான்.

அந்த விலக்குக்கு முடிவுத் திகதி வேணும். ஒரு தடவை 'வேறு ஆளில்லை' என்றால் அடுத்த தடவையும் தானாகவே அப்படி ஆகக்கூடாது.

தரவு அரசினுடையது, பொது வடிவத்தில் எந்த நேரமும் வெளியே எடுக்கலாம் என்ற நிபந்தனை இல்லாமல் எந்த மென்பொருள் ஒப்பந்தமும் இருக்கக்கூடாது.

பொது முடிவுக்குப் பாவிக்கிற எந்தக் கணக்கிலும், விடையோடு சேர்த்து உள்ளே போட்ட எண்களையும் அனுமானங்களையும் வெளியிடவேணும்.

தமிழும் சிங்களமும் முதல் நாளில் இருந்தே ஒப்பந்தத்துக்குள் இருக்கவேணும்.

இவை ஒன்றும் புரட்சி இல்லை. கடையில் அரிசி வாங்குகிற அம்மா கூட மூடையைத் திறந்து ஒரு கை அள்ளிப் பார்த்துத்தான் வாங்குவா.

நீங்கள் என்ன செய்யலாம் என்றும் சொல்லிவிடுகிறோம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. மொறட்டுவையில் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். பிரெஞ்சுக்காரரின் திறந்த மூலநிரல் மென்பொருள் இணையத்தில் கிடக்கிறது. குறைவது எங்கள் பாதையின் தரவு மட்டும்தான். மாகோவுக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் எங்கே இன்னொரு லூப் போட்டால் எத்தனை நிமிசம் மிஞ்சும் என்று இறுதியாண்டு ஆய்வாக ஒரு குழு கணக்குப் போட்டுக் காட்டலாம். அது சரியாக இருக்கலாம், பிழைக்கலாம்; ஆனால் "வேறு ஆளில்லை" என்று அதற்குப் பிறகு ஒருவரும் லேசாகச் சொல்லமாட்டார்கள்.

தகவல் கேட்க உங்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதலாம். 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லவேணும். உங்களுக்கு எந்தத் திணைக்களத்தோடு அலுவல் இருக்கிறதோ, அதன் தகவல் அதிகாரிக்கு மூன்று கேள்வி அனுப்புங்கோ: கடந்த ஐந்து வருசத்தில் கேள்விமனு இல்லாமல் எந்த மென்பொருளை யாரிடம் வாங்கினீர்கள்? வேறு ஆளில்லை என்று எழுதிய கடிதத்தின் பிரதி எங்கே? ஒப்பந்தம் முடிந்தால் தரவு யாருடையது?

பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கோ. வராவிட்டால் அதையும் அறிவியுங்கோ. எத்தனை திணைக்களம் பதில் சொன்னது, எத்தனை சொல்லவில்லை என்று ஒரு பட்டியல் போடுவோம்.